வெர்னன் பக்கத்துல காலி இடம்

மார்ச் 4, 2014, செவ்வாய்

கிழவி வீட்டுக்கு வந்துட்டா. ஆஸ்பத்திரியில இனி பண்ண ஒன்னுமில்ல, இருதயம் ஓஞ்சுபோச்சு, ரெண்டு மாசம் தாங்கினா பெரிசுன்னு டாக்டர் சொல்லிட்டார். யார் பாத்துக்கறதுன்னு பேச்சு வந்ததும் என் நாத்தனார் டார்லா கைப்பைக்குள்ள எதையோ தேட ஆரம்பிச்சா. என் வீட்டுக்காரர் க்ளென் தரையப் பார்த்தார். பெத்த பிள்ளைங்க ரெண்டும் இப்படி. நான்தான் வாயத் திறந்து, நம்ம வீட்டுக்கே கூட்டிட்டுப் போவோம், நான் நர்ஸ்தானேன்னு சொன்னேன். டார்லா என்னக் கட்டிப்பிடிச்சுகிட்டு நீ ஒரு தேவதைன்னா.

தேவதையாம். எதுக்கு ஒத்துகிட்டேன்னு எனக்குத்தான் தெரியும். என் மாமியார் ஹெட்விக் என் கையில வந்து விழுவான்னு இருபத்தோரு வருஷமா காத்திருக்கேன்.

இந்த நோட்ட தமிழ்ல எழுதறதுல ஒரு வசதி. இந்த விஸ்கான்சின் பட்டிக்காட்டுல தமிழ் படிக்கத் தெரிஞ்சவ நான் ஒருத்திதான். என்ன வேணா எழுதலாம்.

மார்ச் 6

காலையில உடம்பு துடைச்சு, புரட்டிப் படுக்க வெச்சு, முதுகுல க்ரீம் போட்டேன். மதியம் அவிச்ச உருளைக்கிழங்கும் மோரும். அதத் தவிர ஒன்னும் இறங்க மாட்டேங்குது. கால் வீக்கம் கூடியிருக்கு. துணி ரெண்டு தடவ மெஷின்ல போட்டேன்.

படுக்கைப் புண்ணு ஒன்னு வரவிட மாட்டேன். என் பகை வேற, என் வேலை வேற.

மார்ச் 11

வாரம் ரெண்டு தடவ வந்து பாக்கற நர்ஸ் லோரி, உங்க மாமியாருக்கு எவ்வளவு குடுத்து வெச்சிருக்கு பாருங்கன்னா. நல்லா குடுத்துதான் வெச்சிருக்கு. எழுதியே வெச்சுடறேன், இல்லாட்டி எனக்கே மறந்து, இரக்கம் வந்து தொலைக்கும்.

1993 ஆகஸ்ட். அப்ப இந்தப் பண்ணையில நாப்பது மாடு. நான் கல்யாணமாகி வந்து ஏழு வருஷம். தரங்கம்பாடியிலேர்ந்து எங்கண்ணன் ஜெயசீலன் போன் பண்ணியிருக்கான், அம்மா போயிட்டாங்க, சுகிர்தத்துகிட்ட சொல்லுங்கன்னு. போன எடுத்தது இவ. ரெண்டாவது புல்லறுப்பு நடக்குது, கூலியாள் நின்னுட்டான், நான் கிளம்பிட்டா மாடு யார் கறக்கறது? சொல்லல. நாலு நாள் சொல்லல.

அந்த நாலு நாளும் நான் என்ன பண்ணேன்? மாடு கறந்தேன். பாட்டுப் பாடினேன். மூணாம் நாள் ஊர்க் கண்காட்சிக்குப் போயி, என் எலுமிச்சங்கா ஊறுகாய்க்கு முதல் பரிசு நீல ரிப்பன் வாங்கி, பஞ்சுமிட்டாய் தின்னு, பல்லக் காட்டிப் போட்டோ எடுத்துகிட்டேன். அங்க மீன்காரங்ககிட்ட ஐஸ் பாளம் வாங்கி அம்மாவக் கிடத்தி, பொண்ணுகிட்டேர்ந்து ஒரு வார்த்தை வரும்னு ரெண்டு நாள் பார்த்துட்டுப் புதைச்சிருக்காங்க. அஞ்சாம் நாள் புல்லெல்லாம் கொட்டாய்க்குள்ள ஏறினப்புறம், கையத் துடைச்சுகிட்டே வந்து, உன் தாயார் இறந்துட்டாங்கன்னு சொன்னா. எப்படியும் நீ போய்ச் சேர்ந்திருக்க மாட்டேன்னும் சொன்னா.

போக முடியாமப் போனத மன்னிச்சாலும் மன்னிப்பேன். நான் சிரிச்ச சிரிப்ப மன்னிக்க முடியாது.

மார்ச் 16, ஞாயிறு

சர்ச் முடிஞ்சு டார்லா வந்தா. போன்ல ஒரு போட்டோ காட்டினா. கல்லறைத் தோட்டத்துக்குப் போயி அப்பாவோட கல்ல சோப்புப் போட்டுத் தேய்ச்சுட்டு வந்திருக்கா.

இந்த ஊர் வழக்கம் எனக்கு இன்னும் ஜீரணமாகல. புருஷனும் பொண்டாட்டியும் உசுரோட இருக்கறப்பவே ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே கல் வாங்கிடுவாங்க. இடது பக்கம் அவன் பேரு, வலது பக்கம் இவ பேரு, பொறந்த வருஷம், ஒரு கோடு, அப்புறம் காலியிடம். முன்னால போனவனுக்குக் கீழ வருஷம் செதுக்கிட்டு, இன்னொருத்தருக்கு இடத்த அப்படியே விட்டு வைப்பாங்க. மாமனார் வெர்னன் செத்து பதினேழு வருஷம். பதினேழு வருஷமா, ஊரே கல்லறைக்குப் பூ கொண்டுபோற மே மாச நினைவு நாள் தவறாம இவ தன் பேர் போட்ட கல்லுக்கே பூச்செடி வெச்சுட்டு வந்திருக்கா.

அம்மா, பாருங்க, அப்பா பக்கத்துல எல்லாம் தயாரா இருக்குன்னு டார்லா கொஞ்சினா. கிழவி மூஞ்சிய சுவத்துப் பக்கம் திருப்பிகிட்டா. அசதின்னு டார்லா நினைச்சுகிட்டா. நான் நினைக்கல. முப்பது வருஷம் நோயாளிங்க மூஞ்சியப் பாத்தவ நான்.

மார்ச் 23

காலையில தலை வாரிவிட்டுகிட்டிருந்தேன். திடீர்னு சொன்னா:

"சுகிர்தம், அந்தக் கல்லுக்குக் கீழ என்னப் போட விடாதே."

நான் சீப்ப நிறுத்தல. ஏன்னு கேக்கவுமில்ல. வேற எங்க வேணும்னு மட்டும் கேட்டேன். அதே தோட்டத்துல வடக்கு வேலியோரம், ஒத்தையா. வேற ஊர்ல வேண்டாம், எரிக்கவும் வேண்டாம். நினைவு நாளுக்கு மொத்த ஊரும் பூ எடுத்துகிட்டு வரும்ல, அப்ப வெர்னன் பக்கத்துல அந்தக் கோட்டுக்கு அப்புறம் ஒன்னுமில்லாம இருக்கறத எல்லாரும் பார்க்கணுமாம். வருஷா வருஷம் பார்க்கணுமாம்.

அடிப்பாவி. எங்கிட்டயே இல்லாத வன்மம்.

மார்ச் 24

நேத்து முழுக்க எனக்குச் சந்தோஷம் தாங்கல. கடவுள் கொண்டுவந்து மடியில போட்ட மாதிரி இருக்கு. அவளுக்கு உலகத்துல பாக்கி இருக்கற ஆசை ஒன்னே ஒன்னு, அது என் கையில. நான் பேசாம இருந்தாலே போதும். டார்லா கொண்டுபோயி வெர்னன் பக்கத்துல இறக்கிடுவா. கோட்டுக்கு அப்புறம் 2014ன்னு செதுக்கிடுவாங்க.

ராத்திரி சாப்பாட்டுக்கு மீன் குழம்பு வெச்சேன். ரொம்ப நாளைக்கப்புறம் நல்லா வந்துது.

ஏப்ரல் 2

மூச்சு வாங்கறப்ப பேச்சுக் குடுத்தா கொஞ்சம் அமைதியாவா. அதனால பேச்சுக் குடுக்கறேன், வேற ஒன்னுக்குமில்ல.

பத்தொம்பது வயசுல வந்தாளாம். ஜெர்மனியில பிரேமன் பக்கத்துல ஒரு ஊரு, உலகச் சண்டையில பாதி வீடு போச்சு, அப்பாவும் போயிட்டார். அமெரிக்க ராணுவத்துல இருந்த வெர்னன் சாக்லேட்டும் சோப்பும் கொண்டுவந்து குடுத்துக் கல்யாணம் பண்ணிகிட்டான். கப்பல்ல ஒன்பது நாள் வாந்தி. இங்க வந்து இறங்கினா, சர்ச்சு பொம்பளைங்க இவ உக்கார்ந்த பெஞ்சுல உக்கார மாட்டாங்களாம். ரெண்டு பேரோட மகனுங்க அந்தச் சண்டையில செத்தவங்க. சரி, அதக்கூட விடலாம். ஆனா அவங்க தாத்தாமாரெல்லாம் எங்கேர்ந்து வந்தவங்க? அதே ஜெர்மனியிலேர்ந்து. கல்லறைக்குப் போனா பாதிப் பேரு இவ ஊர்ப் பேருதான்.

வீட்டுல இவ மாமியார், ஜெர்மன்ல ஒரு வார்த்தை பேசினாலும் அன்னைக்குச் சோறு கிடையாதுன்னு சட்டம் போட்டிருக்கா. வெர்னனும் ஆமாம் போட்டிருக்கான். தொட்டில்ல கிடந்த க்ளென்கிட்டகூட இவ தாய்மொழியில கொஞ்சினதில்ல. நாப்பது வருஷம் ஊர்ல யார் வீட்டு சாவுன்னாலும் சர்ச்சு அடுக்களையில இவதான் பன்றிக்கறி சாண்ட்விச் அடுக்குவா. அதுக்கப்புறம்தான் பெஞ்சுல உக்கார விட்டாங்க.

மாமியார் கொடுமையில என்னத் தூக்கி சாப்பிட்டுடுவா போலிருக்கு. ஆனா தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தாத்தான் தெரியும்னு சொல்வாங்க. இவளுக்கு வந்தும் தெரியலியே?

ஏப்ரல் 9

இன்னைக்குக் கேட்டுட்டேன். வெர்னன் அப்படி என்ன பண்ணினான்?

வெர்னன் செத்தப்புறம் மெஷின் கொட்டாய ஒழிச்சப்ப, ஆணி டப்பாங்களுக்குப் பின்னால ஒரு காப்பித் தகரம் இருந்துதாம். உள்ள பதினோரு கடிதாசி. இவ அம்மா எழுதினது. ஒன்னுகூடப் பிரிக்கல. தபால் பெட்டி சாவி எப்பவும் வெர்னன்கிட்டதான் இருக்கும், இவ எழுதினதையும் அவன்கிட்டதான் குடுக்கணும். அம்மா மறந்துட்டாங்கன்னு இவ நினைச்சுகிட்டு இருந்திருக்கா. கடைசிக் கடிதாசி 1958ல. எனக்கு முடியல, ஒரு தடவ வந்துட்டுப் போ, நீ வராட்டியும் பரவால்ல, உசுரோட இருக்கேன்னு ஒரு வரி எழுதுன்னு.

இவ அம்மா எந்தத் தேதியில செத்தாங்கன்னு இன்னைக்கு வரைக்கும் இவளுக்குத் தெரியாது.

சொல்லி முடிச்சுட்டுத் தண்ணி கேட்டா. குடுத்தேன். பாதிய போர்வையில கொட்டிட்டேன். போர்வைய மாத்தினேன்.

ஏப்ரல் 10

இன்னைக்கு அவகிட்ட நான் பேசல.

ஏப்ரல் 15

வக்கீல வரவழைச்சிருக்கா. க்ளென் வங்கி வேலையா போயிருந்தார், எனக்குத் தெரியாம லோரி போன்லேர்ந்து கூப்பிட்டிருக்கா. செத்தப்புறம் உடம்ப எங்க, எப்படி அடக்கம் பண்றதுன்னு முடிவு பண்ற உரிமைய என் பேருக்கு எழுதி, சாட்சி வெச்சுக் கையெழுத்துப் போட்டுட்டா. நானும் ஒத்துகிட்டேன்னு வக்கீல் ஆபீசுல போயி கையெழுத்துப் போடணும். போடாட்டி அந்தக் காகிதம் செல்லாது, உரிமை பிள்ளைங்களுக்குப் போயிடும். பிள்ளைங்கன்னா டார்லாதான். க்ளென் அக்கா சொன்னதுக்கு மறுபேச்சு பேசினதா சரித்திரம் கிடையாது.

வக்கீல் போனப்புறம் கேட்டேன், ஏன் என் பேருக்கு?

"க்ளென் அழுவான், டார்லா சண்டை போடுவா," ன்னா. "நீ என்னை வெறுக்கற. ஆனா ஒருநாள்கூட என் மருந்து நேரம் தப்பினதில்ல."

பாத்துக்கலாம்னு சொல்லிட்டு வந்துட்டேன். மாடியில போயி கதவச் சாத்திகிட்டு நல்லா சிரிச்சேன். சிரிப்புதான் அது.

ஏப்ரல் 20, ஈஸ்டர்

டார்லா குடும்பம் சாப்பிட வந்தது. பன்றித்தொடை, உருளைக்கிழங்கு, அவ கொண்டுவந்த பச்சைக் கலர் ஜெல்லி. கல் செதுக்கறவன்கிட்ட பேசிட்டாளாம், மே மாசம் முடியறதுக்குள்ள வருஷம் போட்டுத் தர்றேன்னானாம். பெத்தவ பக்கத்து ரூமுல உசுரோட கிடக்கறா, இவ வருஷம் செதுக்க நாள் பாக்கறா.

எல்லாரும் போனப்புறம் நான் கட்டில் பக்கத்துல உக்காந்தேன். இருபத்தோரு வருஷமா கேக்காதத கேட்டேன். புல்லுக்காகத்தான் சொல்லாம இருந்தீங்களா?

புல்லுக்காக இல்லன்னு சொன்னா. நான் போனா திரும்பி வர மாட்டேன்னு பயந்தாளாம். இந்த ஊருக்கு வெளியிலேர்ந்து வந்தவ இந்த வீட்டுல இன்னொருத்தி நான்தானாம். நானும் போயிட்டா வெர்னனோட தனியா இருக்கணும்னு பயமாம்.

பயந்தாளாம்! இருபத்தெட்டு வருஷத்துல எங்கூட உக்காந்து ஒரு காப்பி குடிச்சதில்ல, இவளுக்கு நான் துணையாம். மன்னிச்சுக்கோன்னு ஒரு வார்த்தை வரும்னு உக்காந்திருந்தேன். வரல. தூங்கிப்போயிட்டா.

ஏப்ரல் 28, திங்கள்

கையெழுத்துப் போட்டுட்டேன்.

இவளுக்காகப் போடல. வெர்னனுக்காகப் போட்டேன். பதினோரு கடிதாசிய ஆணி டப்பாவுக்குப் பின்னால வெச்சவன் பக்கத்துல எவளும் படுக்கக் கூடாது. பேனாவக் குடுங்கன்னு வாங்கி, வக்கீல் படிச்சுக் காட்டி முடிக்கறதுக்குள்ள போட்டுட்டேன். வேலியோரம் இடமும் பேசி முடிச்சாச்சு.

காருல வர்றப்பதான் தோணுச்சு. இவகிட்ட உடனே ஏன் சொல்லணும்? அவளுக்கு உசுரு போற சேதி ஒன்னு எங்கிட்ட இருக்கு. நாலு நாள் வெச்சிருப்போம். முழுசா நாலு நாள், ஒரு மணி நேரம் கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். வெள்ளிக்கிழமை காலையில, கையத் துடைச்சுகிட்டே போயி சொல்றேன்.

உள்ள நுழைஞ்சதும் கேட்டா, போட்டியான்னு. காதுல விழாத மாதிரி திரைச்சீலைய இழுத்துவிட்டேன்.

ஏப்ரல் 29

மூணு தடவ கேட்டா. மருந்து குடுக்கறப்ப ஒரு தடவ, துடைக்கறப்ப ஒரு தடவ, லோரி இருக்கறப்ப ஒரு தடவ. லோரி என்னன்னு கேட்டா, சும்மா ஒரு காகித விஷயம்னேன்.

முட்டைகோஸ் பொரியல் பண்ணேன். க்ளென் நல்லா இருக்குன்னார்.

ஏப்ரல் 30

மூச்சு சரியில்ல. நாக்குக்கு அடியில விடற சொட்டு மருந்த கூட்டியாச்சு.

சாயங்காலம் என் கையப் பிடிச்சுகிட்டா. இவ்வளவு பலம் எங்கேர்ந்து வந்துதோ. அந்தத் தகரத்தத் திறந்தப்ப எனக்கு எங்க அம்மா ஞாபகம் வர்றதுக்கு முன்னால உன் ஞாபகம்தான் வந்துது, வெர்னன் எனக்குப் பண்ணினத நான் உனக்குப் பண்ணிட்டேன், வெட்கத்துல வாய் வரலன்னு சொன்னா. ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்கினா. அப்புறம் சொன்னா:

"என்ன மன்னிச்சுடு. போட்டியா இல்லியான்னு மட்டும் சொல்லு."

இருபத்தோரு வருஷமா இதுக்குத்தான் காத்துகிட்டிருந்தேன். கேட்டுட்டா. வாய் வரைக்கும் வந்துடுச்சு. ஆனா நாலு நாள்னா நாலு நாள்தான். எனக்கு யாராவது ரெண்டாம் நாள் சொன்னாங்களா? ஐஸ் மேல கிடந்தவளுக்கு யாராவது தள்ளுபடி குடுத்தாங்களா? கைய உருவிகிட்டு, சூப்பு அடுப்புல இருக்குன்னு சொல்லிட்டு வந்தேன்.

அடுப்புல ஒன்னும் இல்ல.

மே 1, வியாழன்

காலையில ஏழு பத்துக்குப் போயிட்டா. நான் தலையணை உறை மாத்தறதுக்கு எடுக்கப் போயிருந்தேன்.

மே 2, வெள்ளி

இன்னைக்குத்தான் நாலு நாள் முடியுது.

காலையில எழுந்து பழக்கத்துல மருந்து அளந்துட்டேன். அப்புறம் அந்த ரூமுக்குப் போயி, காலிக் கட்டில் முன்னால நின்னு, போட்டுட்டேன், திங்கக்கிழமையே போட்டுட்டேன்னு சொன்னேன். தமிழ்ல சொன்னோமேன்னு இங்கிலீஷ்லயும் சொன்னேன். பைத்தியக்காரி.

ஒரு நாள் பொறுத்திருக்கக் கூடாது? என்ன அவசரம் இவளுக்கு? எங்கூட மல்லுக்கு நின்னு கடைசியில இவதானே ஜெயிச்சா. படுபாவி.

மே 5

அடக்கம் முடிஞ்சுது. சவ அடக்கக்காரர் அந்தக் காகிதத்த டார்லாகிட்ட காட்டினப்ப அவ மூஞ்சி சாம்பல் பூத்துப்போச்சு. நீ எங்க அம்மாவ எங்க அப்பாகிட்டேர்ந்து பிரிச்சுட்டே, உனக்கு மாமியார் மேல அவ்வளவு பகையான்னு சர்ச்சு அடுக்களையில எல்லாரும் கேக்கக் கேட்டா. சாண்ட்விச் அடுக்கிகிட்டிருந்த கைங்க எல்லாம் நின்னுபோச்சு. ஆமா, பகைதான்னு சொன்னேன். கடிதாசி விஷயத்தச் சொல்லியிருக்கலாம். ஹெட்விக் யார்கிட்டயும் சொல்லாதத நான் எதுக்குச் சொல்லணும்?

க்ளென்கிட்ட மட்டும் ராத்திரி விஷயத்தச் சொல்லி, அவ பெட்டியிலேர்ந்து அந்தக் காப்பித் தகரத்த எடுத்துக் குடுத்தேன். அவருக்கு ஜெர்மன் படிக்கத் தெரியாது. ஒவ்வொரு உறையா எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துகிட்டே இருந்தார்.

மே 26, நினைவு நாள்

மொத்த ஊரும் வந்திருந்துது. கொடி, பேண்டு, பூச்செடி. வேலியோரத்துல புல் இன்னும் முளைக்கல, வெறும் மண்ணுதான். சிவப்பு ஜெரேனியம் வெச்சேன்.

அவ கேட்டபடியே நடந்துது. ஒருத்தர் பாக்கியில்லாம வெர்னன் கல்லு முன்னால நின்னாங்க. ஹெட்விக், 1930, கோடு, அப்புறம் ஒன்னுமில்ல. என்ன நடந்துது, ஏன் அங்க இல்லன்னு குசுகுசுன்னு பேச்சு. வெர்னனப் பத்தி இந்த ஊரு மரியாதைக் குறைவா நினைச்சது இதுதான் முதல் தடவ. டார்லா என்னப் பாக்காம காருக்குப் போயிட்டா. கிழவி இருந்து பாத்திருந்தா அன்னைக்கு ரெண்டு உருளைக்கிழங்கு கூடத் தின்னிருப்பா. எனக்கு அப்படி ஒன்னும் இனிக்கல. வெயில் காரணமா இருக்கும்.

திரும்பி நடக்கறப்ப க்ளென் கேட்டார்:

"நீ கையெழுத்துப் போட்டது அம்மாவுக்குத் தெரியுமா? தெரிஞ்சுகிட்டுதான் போனாங்களா?"

மூணு வாரமா அவர் இதத்தான் வாய்க்குள்ள வெச்சுகிட்டு அலைஞ்சிருக்கார். எனக்குத் தெரியும்.

"தெரியும்," னேன். "திங்கக்கிழமையே சொல்லிட்டேன்."

என்ன சொன்னாங்கன்னு கேட்டார். ஒன்னும் சொல்லல, என் கையப் பிடிச்சுகிட்டாங்க, அப்புறம் நிம்மதியாத் தூங்கினாங்கன்னேன்.

அவர் அங்கயே நின்னு கண்ணத் துடைச்சுகிட்டார். நல்ல வேளை, அந்தப் பயத்தோட போகலன்னார். அப்புறம் எனக்கு நன்றி சொன்னார். கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்துல அவர் வாயிலேர்ந்து அந்த வார்த்தையக் கேட்டது இதுதான் முதல் தடவ. வாங்கிகிட்டு வந்துட்டேன்.